உப்பு, காரம், பதம் சரி

பிப்ரவரி 23, திங்கள். ஒருசந்தி ஐந்தாம் நாள்.

வெயில் எட்டு மணிக்கே ஏறிவிட்டது. மாசிக்கு இது அதிகம். கச்சேரி ரோட்டில் நடந்து பள்ளிக்கு வருவதற்குள் முதுகு நனைந்தது. காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். இனி இரவு ஏழு மணிக்கு ஒரு வேளைச் சாப்பாடு. ஈஸ்டர் வரை இப்படித்தான். இந்தப் பள்ளிக்குச் சத்துணவு அமைப்பாளராக வந்து பதினோரு வருடம், ஒரு தவக்காலத்திலும் முறித்ததில்லை.

மெனு: சாம்பார் சாதம், வெங்காயத் தக்காளி மசாலா முட்டை.
வந்தவர்கள் 121. சாப்பிட்டவர்கள் 118. எண்ணிக்கை எஸ்.எம்.எஸ். மேலிடத்துக்கு 12.40க்குப் போனது.
ஸ்டோர் பூட்டினேன், சாவி இடுப்பில்.
சுவைப் பதிவேட்டில் கையெழுத்து: நான், ஹெச்.எம். வழக்கம்போல், 'உப்பு, காரம், பதம் சரி.'
ஃபினாயில் தீர்ந்தது. கேட்க வேண்டும்.

எச்சில் வாளி இன்றும் கனம். போன வியாழன் தொடங்கியது இது. அதற்கு முன் பாதி வாளிகூட நிறையாது. முட்டையைத் தின்றுவிடுகிறார்கள், சோறு அப்படியே வாளிக்குப் போகிறது. சாம்பார் சாதத்தை எந்தப் பிள்ளை கொட்டும்? ஏதோ நடக்கிறது. எனக்குத் தெரியாமல் நடக்கிறது, அதுதான் எரிச்சல்.

சந்தேகம் யார் மேல்:
ஜுலேகா. சமையலர். பதினாறு வருட அனுபவம், கை சுத்தம் என்று ஊரே சொல்கிறது. ஊர் சொல்வதை வைத்து நான் யாரையும் நம்புவதில்லை. எண்ணெயைக் குறைத்தால் ருசி போகும். குறைத்த எண்ணெய் எங்கே போகும்?
செல்வி. உதவியாளர். ஜனவரியில்தான் சேர்ந்தாள். பழைய கன்னியம்மாள் ஓய்வு பெற்ற இடம். ஒரு கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிறாள். தரையைப் பார்ப்பவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு கண்.
வாசலில் மாங்காய்க்காரி. அவளிடம் வாங்கித் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு வருகிறார்களோ.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "உன்னைப் போலீஸ்ல எடுத்திருக்கணும்" என்றார். முப்பது வருடமாக இதே ஒரு ஜோக்.

பிப்ரவரி 24, செவ்வாய்.

காலை 8.10. யாரும் வருமுன் ஸ்டோரைத் திறந்து எண்ணெய் பாக்கெட் ஒவ்வொன்றின் மூலையிலும் பால்பாயிண்டால் சின்னப் புள்ளி. பருப்பு மூட்டையின் முடிச்சில் ஒரு தலைமுடி கட்டினேன். என் தலைமுடிதான்.

மெனு: மீல்மேக்கர் காய்கறி சாதம், மிளகு முட்டை. சாப்பிட்டவர்கள் 115. கேஸ் சிலிண்டர் மாற்றியது.

11.30க்குச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் சமையல்கூடத்துக்குப் போனேன். உள்ளே இருவரும் அண்டாவுக்கு மேல் தலையைச் சேர்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"போதுமா?" இது ஜுலேகா.

"போதும்க்கா."

"நல்லா பாத்துச் சொல்லு. அப்பறம் வம்பாப் பூடும்."

"போதும்க்கா, போதும்."

என்னைக் கண்டதும் செல்வியின் கை முந்தானைக்குள் போனது. ஜுலேகா கரண்டியைப் போட்டுக் கிண்ட ஆரம்பித்தாள். எது போதும்? எதைப் பங்கு பிரிக்கிறார்கள்? கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

வாளி முக்கால். பிள்ளைகளைக் கேட்டால் "நல்லாருக்கு டீச்சர்" என்று ஒரே குரல். பயம். போன வருடம் சாம்பாரைக் குறை சொன்ன ஒரு பையனை வரிசையின் கடைசிக்கு அனுப்பினேன், ஒரு வாரம். அது இன்னும் ஞாபகம் இருக்கிறது போல. இருக்கட்டும், சோற்றைக் குறை சொல்லக்கூடாது.

வீட்டில் வேறு ஒரு திருட்டு. காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போகிறேன், இவர் மதியம் போட்டுச் சாப்பிடுகிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் உப்பு ஜாடி அடுப்படியில் இல்லை, சாப்பாட்டு மேஜையில். பி.பி.க்கு மாத்திரை சாப்பிடும் மனிதர், நான் இல்லாத நேரத்தில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறார். ஜாடியை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

பிப்ரவரி 25, புதன்.

தலைவலி. ஒருசந்தியில் முதல் பத்து நாள் இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

புள்ளி வைத்த பாக்கெட்டுகள் எல்லாம் கணக்குப்படி. தலைமுடி அறுபடவில்லை. பருப்பைத் தராசில் வைத்தேன், கிராம் குறையவில்லை. தக்காளி எண்ணினேன். முட்டை எண்ணினேன். எல்லாம் சரி. சந்தோஷப்பட வேண்டும், வரவில்லை. இவ்வளவு சரியாக இருப்பதே சரியில்லை.

ஜுலேகா பார்த்துவிட்டாள். "இன்னா டீச்சர், வெங்காயத்தைக்கூட எண்றீங்க. எதுனா காணாமப் போச்சா?"

"ஸ்டாக் எடுக்கறேன்."

"எடுங்க எடுங்க. நல்லா எடுங்க." முகம் வாடித்தான் இருந்தது. அவளுக்கும் நோன்பு. சாம்பல் புதனுக்கு மறுநாளே ரம்ஜான் பிறந்துவிட்டது இந்த வருடம். எச்சில்கூட விழுங்காமல் அந்த அடுப்பு முன் நிற்கிறாள். அதில் மட்டும் அவளை ஒன்றும் சொல்ல முடியாது.

மெனு: புளிசாதம், தக்காளி மசாலா முட்டை. சாப்பிட்டவர்கள் 116. வாளி நிறைய.

பதிவேட்டை ஹெச்.எம். அறைக்கு எடுத்துப் போனேன். ஏதோ சுற்றறிக்கை படித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஸ்டெல்லா, நீங்க போட்டாச்சோல்லியோ? அப்ப சரி." கையெழுத்து.

விதிப்படி பரிமாறுவதற்கு அரை மணி முன்னால் அமைப்பாளரும் ஹெச்.எம்.மும் சுவைத்துப் பார்த்து எழுத வேண்டும். இந்த அம்மா முட்டை வேகும் பக்கம் மூக்கைக்கூட நீட்டமாட்டார். ஆத்திலிருந்து வரும் தயிர்சாதம் தவிர ஒன்றும் பல்லில் படாது. ஆறு வருடமாகப் பொய்க் கையெழுத்து. ஒரு வாய் வைத்துப் பார்க்காமல் எப்படித்தான் கை வருகிறதோ இவர்களுக்கு.

ஃபினாயில் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்.

இன்று எல்லாம் வெளியே வந்தது. எழுத்து கோணலாகப் போகிறது.

மெனு: எலுமிச்சை சாதம், சுண்டல், முட்டை. பந்தி நடந்துகொண்டிருந்தது. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு வரிசையில் ஒரு குட்டிப் பொட்டலம் கைக்குக் கை போகிறது. நோட்டுக் காகிதம், நகம் அளவுக்கு மடித்தது. வாங்குகிற பிள்ளை இரு பக்கமும் பார்த்துவிட்டு, பிரித்து, சோற்றின் மேல் தூவி, அவசர அவசரமாகப் பிசைந்து தின்கிறது. அடுத்த பிள்ளைக்குத் தள்ளுகிறது. வெள்ளைத் தூள். நடு நடுவே சிவப்பு.

பள்ளிக்கூட வாசல்களில் என்னென்ன விற்கிறார்கள் என்று பேப்பரில் வராத நாள் இல்லை.

திவ்யாவின் கையைப் பிடித்தேன். நன்றாகப் படிக்கிற பெண், அப்பா சிந்தாதிரிப்பேட்டையில் பைக் பார்ட்ஸ் கடையில் வேலை.

"என்ன இது?"

"உப்பு டீச்சர்."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"எதுக்கு உப்பு?"

"சும்மா டீச்சர்."

"யார் கொடுத்தா?"

அழுகை. கடைசியில், "மாங்கா அக்கா."

பையைச் சோதித்தேன். இன்னும் ஒரு பொட்டலம். வரிசை முழுக்கச் சோதித்ததில் மொத்தம் பதினான்கு. பதினான்கு. ஹெச்.எம். மேஜையில் கொட்டினேன். அந்த அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"ஈஸ்வரா. தொடாதீங்கோ ஸ்டெல்லா. நாக்குல கீக்குல வெச்சுடாதீங்கோ."

நான் எங்கே வைப்பது, ஒருசந்தி. மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. வாசனை இல்லாததுதான் ஆபத்து என்று எங்கேயோ படித்திருக்கிறேன்.

நேராக வாசலுக்குப் போனேன். மாங்காய்க்காரி தனம், கூடையும் முக்காலியும், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய அதே தூள்.

"பசங்களுக்கு என்ன கொடுக்கிற நீ?"

"நான் இன்னாத்த குட்த்தேன்? புள்ளைங்க கேட்டுச்சு, குட்த்தேன். காசுகூட வாங்கல."

"முதல்ல சும்மா கொடுப்பீங்க. பழக்கின பிறகு காசு."

"இன்னா டீச்சர் பேசற நீ? உங்க ஸ்கூல்லதான்..."

மேலே பேச விடவில்லை. அவளே ஒத்துக்கொண்டாள், கொடுத்தேன் என்று, இன்னும் என்ன பேச்சு. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கூடையைத் தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொன்னேன். கூடை சரிந்து நெல்லிக்காய் உருண்டது. பொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "உன் வாய்ல மண்ணு விழ" என்றாள், கத்தாமல்.

ஹெச்.எம். "போலீஸ்லாம் வேண்டாம், ஸ்கூல் பேர் கெட்டுடும்" என்றார். மறைக்கப் பார்க்கிறார். நானே மண்டல அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மேற்பார்வை அதிகாரி நாளை நேரில் வருகிறார்.

பொட்டலங்கள் பீரோவில், பூட்டி. ஒன்று மட்டும் என் கைப்பையில், சாட்சிக்கு. பீரோவுக்கு இன்னொரு சாவி ஹெச்.எம்.மிடம் இருக்கிறதே.

சாப்பிட்டவர்கள் 117.

பிப்ரவரி 27, வெள்ளி.

எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி 11.50க்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாத ஆள். ஹெச்.எம். அறையில் பொட்டலத்தைப் பிரித்தார், விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். ஹெச்.எம். வாயைப் பொத்திக்கொண்டார்.

"உப்பு. மிளகாய்த்தூள் கலந்தது. மாங்காய்க்குத் தொட்டுக்கறது" என்றார்.

விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"பசங்க ஏன் சோத்துக்கு உப்பு கொண்டு வராங்க?"

அதைக் கேட்டுவிட்டு எழுந்து நேராகச் சமையல்கூடம். நாங்கள் பின்னால். சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு. ஒரு தட்டில் எல்லாம் போடச் சொல்லிச் சாப்பிட்டார். இரண்டாவது வாயில் நிறுத்தினார்.

"அதுல இருக்கிறது இதுல இல்ல."

பதிவேட்டை வாங்கினார். போன வாரம் வியாழன் முதல் பக்கம் பக்கமாகத் திருப்பினார். உப்பு, காரம், பதம் சரி. உப்பு, காரம், பதம் சரி. ஏழு நாள். என் கையெழுத்து அழகாகவே இருக்கும்.

"இது யார் எழுதினது?"

"நான் சார்."

"சாப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். அப்ப சரியாத்தான் இருந்தது."

வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்னது நான்தான். நான் பார்த்தபோது சரியாக இருந்தது என்றால் பிறகு ஏதோ செய்தது ஜுலேகா என்று ஆகிறது. அது எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. தெரிந்தும் திருத்தவில்லை.

அவளைக் கேட்டார். "உப்பு யார் பார்க்கறது?"

"நோன்பு சார். கை அளவுல போட்றேன். தூக்கலாப் போனா எடுக்க முடியாதுன்னு கொஞ்சம் கம்மியாவே..."

"மீதியை யார் பார்க்கறது?"

ஜுலேகா என்னைப் பார்த்தாள். ஒருசந்தி என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும். ஒரு தவக்காலத்தில்கூட நான் கரண்டியைத் தொட்டதில்லை. சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. செல்வி தரையைப் பார்த்தாள்.

ஜுலேகாவுக்கு மெமோ. மூன்று நாளில் விளக்கம். திருப்தி இல்லையென்றால் பணியிலிருந்து நிறுத்தம். அவளுக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் சர்வீஸ் இருக்கிறது. கணவர் இல்லை, இரண்டாவது பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஏன் சும்மா இருந்தாள்? நல்லெண்ணமா? எழுத்தில் போடலாம் என்று வைத்திருக்கிறாள். விளக்கக் கடிதத்தில் என் பேர் வரும். அதற்குத்தான் அந்த மௌனம்.

சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதைச் செபம். நின்று செபிக்கப் பதினான்கு தலம். பதினான்கு பொட்டலம் ஞாபகம் வந்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

சாப்பிட்டவர்கள் 96. வாசலில் மாங்காய்க்காரி இல்லை, உப்பும் இல்லை. வாளி வழிந்தது.

பிப்ரவரி 28, சனி.

மதியம் வீட்டில்தான். இவருக்குச் சோறு போட்டேன். கீரைக்கூட்டு, ரசம். ஒரு வாய் வைத்தார், எழுந்தார், அடுப்படியில் தேடினார்.

"உப்பு ஜாடியை எங்க வெச்ச? மூணு நாளாத் தேடறேன்."

"உங்களுக்கு எதுக்கு உப்பு? பி.பி.யை ஏத்திக்கவா?"

"ஏய், இதுல உப்பே இல்லம்மா" என்றார், சண்டை போடும் குரலில் இல்லை. "வருஷா வருஷம் இந்த நாற்பது நாளும் மதியம் நானே போட்டுக்கறதுதானே. நீ டேஸ்ட் பாக்கறதில்ல. விரதம் இருக்கறவகிட்ட போய்ச் சொல்லுவாங்களான்னு விட்டுட்டேன்."

அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஜாடியை எடுத்துக் கொடுத்தேன். பிறகு கைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உப்பு. அந்தப் பெண் முதல் வார்த்தையிலேயே சொன்னது.

ஐந்தரை மணிக்கு மீர்சாகிப்பேட்டையில் ஜுலேகா வீட்டுக்குப் போனேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

மாடிப்படி இருட்டு. ஒரே அறை. சின்னப் பெண் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், ஜுலேகா சொல்லச் சொல்ல. என்னைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள். "வாங்க டீச்சர், உக்காருங்க." பாய் விரித்தாள். காகிதத்தை நான் கேட்காமலே பெண் நீட்டினாள்.

'நோன்பு இருந்த காரணத்தால் உப்பு பார்க்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. மன்னிக்க வேண்டுகிறேன்.'

இரண்டு தரம் படித்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"என்னைப் பத்தி ஏன் எழுதல?"

"இன்னாத்த எழுதறது?"

"நான் பாக்கலைன்னு. உனக்குத் தெரியுமே."

ஜுலேகா பேரீச்சம்பழத்தைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "நீங்களும் நோன்பு, நானும் நோன்பு. நோன்பாளியைக் காட்டிக்குட்த்துட்டு நான் நோன்பு வெச்சு இன்னா பிரயோஜனம், சொல்லுங்க."

காகிதத்தைப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"போன வருஷம்லாம் எப்படிச் சரியா இருந்தது?"

"கன்னியம்மாக்கா பாத்து சொல்லும். அதுக்கு நாக்கு தராசு மாரி. இப்ப செல்வியக் கேட்டேன், போதும் போதும்னு சொல்லுச்சு." குரலைத் தணித்தாள். "அந்தப் புள்ளைக்கு ருசி தெரியாது டீச்சர். வாசனையும் கெடையாது. ஏதோ காய்ச்சல் வந்துச்சாம், அப்பலேர்ந்து. வேலை பூடுமேன்னு யார்கிட்டயும் சொல்லல. நேத்துதான் பாத்திரம் கழுவறப்ப அழுதுக்கினு சொல்லுச்சு. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், அத்த மட்டும் எழுதிடாதீங்க. ரெண்டு கொயந்த வெச்சிக்கினு கீது."

அவளைக் காப்பாற்றவும் சேர்த்துத்தான் அந்தக் கடிதம். போதுமா, போதும் என்று நான் ஒளிந்திருந்து கேட்டது உப்பைத்தான். செல்வி முந்தானையில் துடைத்தது சுவை பார்த்த கையை.

பாங்கு ஒலித்தது. எனக்கும் ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி. மசூதியிலிருந்து வந்தது. இன்றைக்கு என் ஒரு வேளை அதுவாக இருக்கட்டும் என்று குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

மார்ச் 1, ஞாயிறு.

பூசையில் மனம் நிற்கவில்லை. நற்கருணை அப்பம் வாங்கப் போகவில்லை. பின் வரிசையில் ஒரு கிழவர் குறட்டை.

வீட்டில் காகிதம். முதல் தரம் எழுதியது: 'வேலைப்பளு காரணமாகச் சில நாட்கள்...' கிழித்தேன். இரண்டாவது: 'ஹெச்.எம். அவர்களும் சுவைப்பதில்லை என்பதை...' அதையும் கிழித்தேன். கிழிக்கும்போது வருத்தமாக இருந்தது, அது உண்மைதானே. ஆனாலும் அவர் என் கையெழுத்தை நம்பித்தான் போட்டார். நான் எதை நம்பிப் போட்டேன்?

மூன்றாவது: 'பிப்ரவரி 18 முதல் 27 வரை எந்த நாளும் நான் உணவைச் சுவைக்கவில்லை. சுவைத்ததாகப் பதிவேட்டில் எழுதியது பொய். அதிகாரியிடம் நேரில் சொன்னதும் பொய். முந்தைய வருடங்களிலும் தவக்காலத்தில் சுவைத்ததில்லை. சமையலர் திருமதி ஜுலேகாவிடம் தவறு இல்லை.'

இவர் படித்தார். "வேலை போனா?" என்றார்.

"போனா போகட்டும்னு சொல்ல மாட்டேன். பயமாத்தான் இருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தார்.

மார்ச் 2, திங்கள்.

ஹெச்.எம். கடிதத்தைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஸ்டெல்லா, என்ன பண்றேள்? அவ தன் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டா. எச்சரிக்கை பண்ணி விட்டுடுவான்னு தோணறது. நீங்க இதைக் குடுத்தா அடுத்த கேள்வி என்கிட்டதானே வரும்?"

"விட்டுடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

கடிதத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நாளைலேர்ந்து நான் என்ன பண்ணணும், நீங்களே சொல்லுங்கோ" என்றார். என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்ல? அவருக்குப் பதில் சுவைத்துப் பார்க்க மூன்றாம் வகுப்பு டீச்சரைக் கேட்கச் சொன்னேன், அசைவம் சாப்பிடுகிறவள், நாக்கு உள்ளவள். சரி என்றார்.

11.45. வெஜிடபிள் பிரியாணி. ஜுலேகா கரண்டியை நீட்டினாள், உள்ளங்கையில் வாங்கினேன், சூடு. சிலுவை போட்டுக்கொண்டு வாயில் வைத்தேன். ஒருசந்தி முறிந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவை. சாமி குத்தம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, ஒரு நிமிடம்தான். வாயில் இருந்தது வெறும் சோறு, அதுதான் தெரிந்தது. சப்பென்று. இதையா ஏழு நாள் போட்டோம் அந்தப் பிள்ளைகளுக்கு.

"இன்னும் ஒரு கைப்பிடி" என்றேன். போட்டாள். கிண்டினாள். மறுபடி வாங்கினேன். "இன்னும் அரை." மூன்றாம் தரம் சரி.

பதிவேட்டில்: 'முதலில் உப்பு இல்லை. இரண்டு முறை சேர்த்த பின் சரி.' கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்தில் எழுதினேன்.

மூன்று மணிக்கு மண்டல அலுவலகம். அதிகாரி நின்றபடியே படித்தார்.

"வெள்ளிக்கிழமை ஏன் சொல்லல?"

"பயம் சார்."

"அந்த உதவியாளர்? அவங்க ருசி பார்க்கறதில்லையா?"

இதைத்தான் பயந்தேன்.

"அது அவங்க வேலை இல்ல சார். விதியில என் பேர்தான் இருக்கு."

என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நான் மற்றவர்களைப் பார்க்கும் பார்வை. இவளிடம் ஏதோ இருக்கிறது என்று. இருந்தது. கொடுக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது தனத்தைத் தேடினேன். தெப்பக்குளத்துக்கு வடக்கே, பூக்கடைகளுக்கு நடுவில் ஒண்டியிருந்தாள். என்னைக் கண்டதும் டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தப்பு என் மேல. மன்னிச்சுக்க. நாளைக்கு வாசலுக்கு வா."

"வந்தா மட்டும்? இன்னொரு நாளு கூடையைத் தூக்கிப் போடுவ."

"போடமாட்டேன்."

"ஆறு நாளு டீச்சர், டெய்லி ஒரு டப்பா உப்பு என்னுது போச்சு. புள்ளைங்க கையை நீட்னா நான் இன்னா பண்றது? சோறு சப்புனு கீது, துன்ன முடிலன்னு அழுதுச்சுங்க. அத்தத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன். நீ வுட்டியா?"

விடவில்லை. இரண்டு மாங்காய் வாங்கினேன். மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டேன். வீட்டுக்கு வந்து எண்ணினேன். சரியாக இருந்தது.

மார்ச் 3, செவ்வாய்.

மேகமூட்டம். காற்று இல்லை.

எனக்கு மெமோ வந்துவிட்டது. பொய்ப் பதிவு, அதிகாரியைத் தவறாக வழிநடத்தியது. மூன்று நாள். ஜுலேகாவின் மெமோவைத் திரும்பப் பெற்றதாக அதே கவரில் இன்னொரு தாள். முதலில் அவளுடையதைத்தான் படித்துக் காட்டினேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு, "உங்களுது?" என்றாள். மடித்துப் பையில் வைத்தேன். செல்வி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், தரையைப் பார்த்தபடியே.

மெனு: கொண்டைக்கடலை புலாவ், தக்காளி மசாலா முட்டை. சுவைத்தேன். ஒரே முறையில் சரி. மூன்றாம் வகுப்பு டீச்சரும் சுவைத்தார், காரம் கொஞ்சம் குறை என்றார், எழுதவும் எழுதினார்.

வந்தவர்கள் 122. சாப்பிட்டவர்கள் 122.
வாளி கால்.
ஃபினாயில் வந்தது, ஒரு பாட்டில் ஒழுகல்.

பந்தியில் தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை, வரிசைக்கு நடுவே நின்றேன். திவ்யா தட்டோடு வந்தாள். இடது கை மூடியிருந்தது. விரலுக்கு இடையில் காகித நுனி. என்னைப் பார்த்தாள், நான் முட்டை வைத்துக்கொண்டே இருந்தேன். போய் உட்கார்ந்தாள். ஒரு வாய் தின்றாள். நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு வாய். தட்டு காலி. பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. தூக்கியும் போடவில்லை. பத்திரமாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டாள், நாளைக்கு ஆகும் என்று.